ரேஷன் அரிசியும் குரூப் ஃபோர் விண்ணப்பமும்



பொருளாதாரப் பேராசிரியர்கள் பேசிவந்த மேடை இது. நான் கருவூலக் கணக்குத் துறையில் பட்டியல் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். அரசுப் பணம் வெளியே போகும் வாசலில் உட்கார்ந்திருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கொள்கை விளக்கக் குறிப்பைவிடக் கணக்குத் தலைப்புதான் எனக்குப் பழக்கம். பேச்சிலும் அந்த வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாநில அரசு செலவு செய்தால் வறுமை குறையுமா, வேலையின்மை குறையுமா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. வரவு செலவுத் திட்ட உரைகளில் வறுமையும் வேலையின்மையும் இரட்டைப் பிள்ளைகள் போலச் சேர்ந்தே வரும். ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் மற்றதும் தேறிவிடும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். புள்ளிவிவரம் அப்படிச் சொல்லவில்லை.

நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கைப் பாருங்கள். வருமானத்தை மட்டும் பார்க்காமல் உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றையும் பார்க்கிற கணக்கு அது. 2019-21 நிலவரப்படி மத்தியப் பிரதேசத்தில் ஏழைகள் 20.63 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2.20. கேரளத்தில் 0.55. இப்போது ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பை எடுங்கள். 2023-24இல் வேலையில்லாதோர் மத்தியப் பிரதேசத்தில் ஒரு விழுக்காடு, தமிழ்நாட்டில் 3.5, கேரளத்தில் 7.2. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. ஏழைகள் அதிகமுள்ள மாநிலத்தில் வேலையில்லாதவர் குறைவு. ஏழைகள் மிகக் குறைவான மாநிலத்தில்தான் வேலையில்லாதவர் அதிகம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கெடுப்பில் ஆண்டுக்கு முப்பது நாள் ஏதோ ஒரு வேலை பார்த்தவரும் வேலையில் இருப்பவர்தான். அப்பாவின் கடையில் சம்பளம் இல்லாமல் நிற்கும் மகனும், மாமியாரின் மாட்டைக் கட்டிப் பால் கறக்கும் மருமகளும் வேலையில் இருப்பவர்களே. வேலை இல்லை என்று எழுதிக்கொடுக்க ஒருவருக்கு முதலில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அன்றாடம் காய்ச்சிக்கு அந்த வசதி கிடையாது. கிடைத்ததைச் செய்வான், கணக்கெடுப்பவரும் அவன் வேலையில் இருப்பதாகக் குறித்துக்கொள்வார். ஆகவே ஒரு மாநிலம் வறுமையை ஒழித்த கையோடு வேலையின்மை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பதில் ஆச்சரியம் இல்லை. தமிழ்நாடு இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. வறுமையைக் குறைத்த செலவு வேறு, வேலையின்மையைக் குறைக்கும் செலவு வேறு. முதல் வகையில் நமக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு, இரண்டாவதில் நாம் இன்னும் தடுமாறுகிறோம் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் நன்றாகச் செய்ததைப் பார்ப்போம்.

அரிசிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1967 தேர்தலின் ரூபாய்க்குப் படி அரிசியில் தொடங்கி, 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் அட்டைக்கு இருபது கிலோ வரை விலையில்லை என்று வந்து நிற்கிறது. பலருக்கு மறந்துபோனது 1997. ரேஷன் ஏழைகளுக்கு மட்டும், வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களைத் தனியாகப் பிரியுங்கள் என்று அந்த ஆண்டில் ஒன்றிய அரசு சொன்னது. மற்ற மாநிலங்கள் பிரித்தன. தமிழ்நாடு பிரிக்கவில்லை. வீண்செலவு என்று அன்று பலர் எழுதினார்கள். பட்டியல் சரிபார்ப்பதே தொழிலாக இருந்தவன் சொல்கிறேன்: யார் ஏழை என்று ஒரு பட்டியல் போட்டால், அதில் முதலில் விடுபடுகிறவர் அந்த ஊரிலேயே பரம ஏழைதான். கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்க்க அவருக்கு நேரமும் இருக்காது, தைரியமும் இருக்காது. எல்லோருக்கும் என்று வைத்ததால் காரில் வந்து வாங்குகிறவர் இரண்டு பேர் இருக்கலாம். ஆனால் கடைக்கோடியில் இருக்கும் கிழவி விடுபடவில்லை.

இருபது கிலோ அரிசியை வெளியில் வாங்கினால் எழுநூறு, எண்ணூறு ரூபாய் ஆகும். அந்தப் பணம் வீட்டில் மிச்சமாகிறது. சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சுகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து சொன்னது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு மாதம் ஆயிரம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கூலி உயராமலே ஒரு குடும்பத்தின் வரவு ஏறியிருக்கிறது. வறுமைக்கு எதிரான மாநிலச் செலவு வேலை செய்யும் விதம் இதுதான்: செலவைக் குறைத்து வரவைக் கூட்டுகிறது. அதற்கு ஆலை வேண்டாம், முதலீட்டாளர் வேண்டாம், ஐந்தாண்டு காத்திருக்கவும் வேண்டாம். மாதம் பிறந்தால் பலன் தெரியும்.

சத்துணவை இதோடு சேர்க்காமல் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது சாப்பாடு மட்டும் இல்லை. காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக விரித்தார். 1989இல் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010இல் அது வாரம் ஐந்து முட்டை. 2022இல் காலை உணவு. ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் திட்டத்துக்குப் பூட்டுப் போடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. இந்த ஒரு திட்டத்தில் மட்டும் ஒவ்வொருவரும் முந்தையவர் வைத்த தட்டில் இன்னொன்றைக் கூட்டி வைத்தார்கள். அந்தத் தட்டுக்கு வந்த பிள்ளைகள் பள்ளியில் தங்கினார்கள், பிறகு கல்லூரிக்குப் போனார்கள். 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 விழுக்காடு, நமக்கு 47. அடுத்த சிக்கலும் அங்கேதான் முளைத்தது. அதற்கு வருகிறேன்.

இடையில் ஒரு புகாரைச் சொல்ல வேண்டும். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் நிலம் வைத்திருப்பவர் சொல்வது: ‘ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் வந்தபின் ஆள் கிடைக்கல சார், சோம்பேறி ஆக்கிட்டாங்க.’ டெல்டாவிலும் இதைக் கேட்டிருக்கிறேன், கொங்கிலும் கேட்டிருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. முன்பு அடுத்த வேளைச் சோற்றுக்காக, சொன்ன கூலிக்குக் களத்தில் இறங்கினவர்கள் இப்போது ‘அந்தக் கூலிக்கு வரமாட்டேன்’ என்கிறார்கள். நூறு நாள் வேலையில் நம் மாநிலத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் பெண்கள். 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அளவெடுத்துக் கணக்குப் போட்டு முடிக்கும்போது கைக்கு அவ்வளவு வருவதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்தத் தொகை அவர்கள் பேரம் பேசத் தளமாகிவிட்டது. நிலக்காரரின் புகார் உண்மையானது. திட்டம் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியும் இல்லை.

ஆனால் அந்தத் திட்டத்தின் சாவி மாநிலத்தின் கையில் இல்லை. கூலிப் பணம் முழுக்க ஒன்றிய அரசிடமிருந்து வந்தது. 2024-25 முடியும்போது 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று மாநிலம் கேட்டுக்கொண்டிருந்தது. சொசைட்டி லோனும் சுயஉதவிக்குழுத் தவணையும் அந்தப் பாக்கி வரும்வரை காத்திருக்காது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலையின் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தது. நாள் 125 ஆனது. செலவில் நாற்பது விழுக்காடு மாநிலத்தின் தலையில் வந்தது. மாநிலத்துக்கு எவ்வளவு என்று ஒன்றிய அரசே வரம்பு கட்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் அறுபது நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி உண்டு. மேலே சொன்ன நிலக்காரரின் புகார் டெல்லிக்குப் போய்ச் சட்டப் பிரிவாகத் திரும்பி வந்திருக்கிறது. பேரம் பேசும் பெண்ணுக்குத் தளம் தேவைப்படும் நாட்கள் சரியாக அந்த அறுபது நாட்கள்தான்.

இனி கல்லூரி முடித்த பிள்ளைகள்.

எந்த மாவட்ட மைய நூலகத்துக்கும் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கதவு திறக்குமுன் வாசலில் பைகள் வரிசையாக இருக்கும், பிள்ளைகள் டீக்கடையில் இருப்பார்கள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சமச்சீர் பாடப் புத்தகங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. பொறியியல் முடித்தவர் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருப்பார். 2024 ஜூனில் நடந்த குரூப் ஃபோர் தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். தேர்வு எழுதியவர்கள் மட்டும் பதினைந்தரை லட்சத்துக்கு மேல். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு.

இவர்களால் இப்படி மூன்று, நான்கு ஆண்டு காத்திருக்க முடிவது எப்படி? வீட்டில் ரேஷன் அரிசி இருக்கிறது. அம்மாவுக்கு உரிமைத் தொகை வருகிறது. தங்கை பேருந்தில் டிக்கெட் இல்லாமல் போய்வருகிறாள். வறுமையைக் குறைத்த செலவுதான் இந்தக் காத்திருப்புக்கும் மறைமுகமாகப் பணம் கட்டுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுக்கு முன் இதே வீட்டுப் பையன் பத்தாவது முடித்ததும் செங்கல் சூளைக்குப் போயிருப்பான், வேலையின்மைக் கணக்கில் ஏறியே இருக்க மாட்டான். ஆனால் காத்திருப்பவனுக்கு அரசு நேரடியாகத் தருவது என்ன? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு ஆன பட்டதாரிக்கு மாதம் அறுநூறு ரூபாய் உதவித்தொகை, அதுவும் மூன்றாண்டுக்கு. போட்டித் தேர்வுக்கான பயிற்சி மையத்தில் ஒரு வாரக் கட்டணத்துக்குக்கூட அது போதாது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆள் தேவை என்ற பலகை தொங்குகிறது, பீகார் பையன் வந்து அந்த இடத்தில் உட்கார்கிறான், நம் பையன் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேலி பேசுவோர் உண்டு. பனியன் கம்பெனி வேலையில் வைப்பு நிதி, ஈட்டுறுதி, நாளைக்கும் வேலை இருக்கும் என்ற உறுதி மூன்றும் இருந்தால் இந்தக் கேலிக்கு இடமிருக்காது. பிள்ளைகள் அரசு வேலையில் தேடுவது சம்பளத்தை மட்டும் அல்ல.

அந்த உறுதியை அரசாவது தருகிறதா? என் மேசையைத் தாண்டிப் போன பட்டியல்களை வைத்துச் சொல்கிறேன்: பாதிக் கதவு திறந்திருக்கிறது. காலமுறை ஊதியம் ஒரு பக்கம். மறுபக்கம் தொகுப்பூதியம், மதிப்பூதியம், சிறப்புக் காலமுறை ஊதியம், வெளிமுகமை. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அன்று இளைஞர்களாக வந்தவர்கள் பள்ளிக்கல்வித் துறையின் கதவருகே நின்றே நடுவயதாகிவிட்டார்கள்.

கிராமங்களில் வேலை பார்த்த மக்கள் நலப் பணியாளர் கதை இன்னும் மோசம். 1989இல் வேலைக்கு எடுத்தார்கள், 1991இல் நீக்கினார்கள். மறுபடி எடுத்து 2001இல் நீக்கினார்கள். 2006இல் திரும்ப எடுத்தார்கள், 2011இல் சுமார் 13,500 பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2022இல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்கள் என்ற பெயரில் மாதம் 7,500 ரூபாய்க்குத் திரும்ப அழைத்தார்கள். மாநிலச் செலவு வேலையை உண்டாக்குகிறது என்பதற்கும் அழிக்கிறது என்பதற்கும் ஒரே ஆட்கள் எடுத்துக்காட்டாக நிற்பது இந்த நாட்டில் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர் என்று ஒருவர் இருப்பார், எப்போதும் பெண். காலையில் வந்து கூடத்தைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, அரிசியில் கல் பொறுக்கி, காய் நறுக்கி, முட்டையை வேகவைத்து, சூடு ஆறுமுன் தோலுரித்து, பரிமாறி, கடைசியில் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் அவர் நாள் முடியும். கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் இந்த வேலையில் முன்னுரிமை உண்டு. 2024 டிசம்பரில் அரசு 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப ஆணை போட்டது. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஓராண்டு கழித்து 3,000 முதல் 9,000 வரையான சிறப்புக் காலமுறை ஊதியம்.

நூறு நாள் வேலையில் மண் அள்ளினால் நாளுக்கு 336 என்று 2025-26இல் அரசே சொன்னது. பள்ளிப் பிள்ளைக்குச் சமைத்தால் நாளுக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல். வறுமையைக் குறைப்பதாக நாம் பெருமைப்படும் திட்டத்தின் அடுப்படியில் ஒரு ஏழையை நிறுத்தி வைத்திருக்கிறோம். அங்கன்வாடியில், ஆஷா பணியில், தூய்மைக் காவலர் வேலையில் நடப்பதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். பயனாளிக்குப் போகும் பணத்தை வள்ளலாகக் கொடுக்கிறோம். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கைக்குக் கஞ்சனாகக் கொடுக்கிறோம். வேலையின்மையைக் குறைக்க மாநில அரசுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வழி, தான் கொடுக்கும் வேலையை முழு வேலையாகக் கொடுப்பதுதான். அது முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் வருவதில்லை.

முதலீட்டாளரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூலதனச் செலவு வேலையை உண்டாக்கும் என்பது பாடப் புத்தகம். எது மூலதனம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் பூட்டும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நோயுற்று, பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. வேலை இருந்தது, எடுக்கத் தயாராகப் பெண்களும் இருந்தார்கள், மனுஷி படுத்துத் தூங்க இடம் இல்லை. பிறகு மாநில அரசின் சிப்காட் நிறுவனம் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர் குடியிருப்பை எழுநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. ஒரு மேம்பாலத்துக்கு ஆகிற பணத்தில் விழுப்புரத்துப் பெண்ணும் அரியலூர்ப் பெண்ணும் ஆலை வேலைக்கு வர வழி திறந்தது. இந்தியாவில் ஆலை வேலைக்குப் போகும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில் என்ற பெருமையைப் பேசும்போது, அவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலையால் அந்தப் பகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மாதச் சம்பளம் பார்த்தார்கள். அதே செய்யாற்றில், விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடிய மேல்மா கிராம உழவர்கள் மீது 2023இல் குண்டர் சட்டமே பாய்ந்தது. பிறகு விலக்கிக்கொண்டார்கள். ஒரு வேலையை உண்டாக்க இன்னொரு வேலையின் நிலத்தைப் பிடுங்கினால் நிகரக் கணக்கு என்ன என்று எந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் நான் படித்ததில்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025-26 மதிப்பீட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. துண்டு விழுவது 41,635 கோடி. மூலதனச் செலவுக்கு 57,231 கோடி. கடன் வாங்குவதில் ஒரு பங்கு அன்றாடத்துக்கே போய்விடுகிறது. ஒன்றிய வரிப் பகிர்வில் நமக்குப் பன்னிரண்டாம் நிதிக்குழு காலத்தில் 5.305 விழுக்காடு இருந்தது, பதினைந்தாவதில் 4.079 ஆகிவிட்டது. இது நம் தவறல்ல. ஆனால் மார்ச் மாத அவசரம் நம்முடையது. ஏப்ரலில் ஒதுக்கிய பணத்துக்கு ஜனவரியில் நிர்வாக ஒப்புதல் வரும், மார்ச் கடைசி வாரத்தில் பட்டியல்கள் மூட்டை மூட்டையாகக் கருவூலத்துக்கு வரும், முப்பத்தோராம் தேதி இரவு விளக்கு அணையாது. நிதி காலாவதி ஆகாமல் இருக்க வைப்புக் கணக்குக்கு மாற்றிவைப்பதும் நடக்கும். ஏட்டில் செலவாகிவிட்டது. கட்டடத்தில் ஒரு கொத்தனாருக்கும் அன்று கூலி போகவில்லை. இணையவழிக்கு மாறியபின் மூட்டை போய்விட்டது, மார்ச் போகவில்லை.

வரவு செலவுத் திட்டத்தில் பெண்களுக்கு எவ்வளவு போகிறது என்று தனி அறிக்கை போடப் பழகிவிட்டோம். அதேபோல ஒவ்வொரு மானியக் கோரிக்கைக்கும் பக்கத்தில் ஒரு பத்தி வேண்டும்: இந்தச் செலவில் எத்தனை பேருக்கு வேலை, என்ன ஊதியம், காலமுறையா தொகுப்பா, எத்தனை இடம் காலி, எத்தனை நாளாகக் காலி. மாவட்டவாரியாக. சட்டமன்றத்தில் அதை வைத்தால் விவாதம் தானாக மாறும்.

தொடங்குவதற்குச் சின்னதாக ஒரு கணக்கு. அந்த 8,997 சமையல் உதவியாளர்களுக்கும் 3,000 என்பதைப் பத்தாயிரம் ஆக்கினால் ஆண்டுக்குக் கூடுதலாக 75 கோடியே 57 லட்சம் ஆகும். வருவாய்ச் செலவில் பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ரூபாய். பழைய ஊழியர்களையும் சேர்த்தால் பல மடங்கு ஏறும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. நிதித்துறை எப்போதும் போலப் பக்கவாட்டில் ‘முன்மாதிரி ஆகிவிடும்’ என்று எழுதும். ஆகட்டும். புதிதாகக் கணக்குத் தலைப்புத் திறக்கக்கூட வேண்டாம்; சத்துணவு ஊதியத்துக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.